ஒரு கைக்குப் பெனால்டி, இன்னொரு கைக்கு இல்லை: கால்பந்து நடுவர் தீர்ப்புகள் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகின்றன?

2024 ஜூன் 29, யூரோ கோப்பை. டார்ட்மண்டில் ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நாக்அவுட் ஆட்டம். கோவையிலும் திருப்பூரிலும் டிவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு நள்ளிரவு 12:30-க்குத் தொடங்கி, இடி மின்னலால் நடுவில் நின்று, மறுபடி தொடங்கிய ஆட்டம் அது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டேவிட் ராம் அடித்த கிராஸ், டென்மார்க் டிஃபெண்டர் யோக்கிம் ஆண்டர்சனின் கையை உரசிப் போனது. களத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஆனால் பந்துக்குள் இருந்த சென்சார் தொட்டதைக் காட்டியது. நடுவர் மைக்கேல் ஆலிவர் மானிட்டரில் போய்ப் பார்த்துவிட்டுப் பெனால்டி கொடுத்தார். ஹாவெர்ட்ஸ் கோல் போட, ஜெர்மனி 2-0 என்று வென்றது.

ஆறு நாள் கழித்து, ஜூலை 5, ஸ்டுட்கார்ட். நம்மூரில் இரவு 9:30 ஆட்டம். ஸ்பெயினும் ஜெர்மனியும் 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தன. ஜெர்மனியின் முசியாலா கோலை நோக்கி அடித்த பந்து ஸ்பெயின் டிஃபெண்டர் குகுரெய்யாவின் கையில் பட்டது. நடுவர் ஆன்டனி டெய்லர் ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். ரீப்ளே பார்த்து உதவும் காணொளி அறையிலிருந்தும் மறுப்பு வரவில்லை. 119-ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் மெரினோ தலையால் முட்டிப் போட்ட கோலில் ஜெர்மனி வெளியேறியது.

ஒரே போட்டித் தொடர், ஒரே விதிப்புத்தகம். இரண்டு நடுவர்களும் இங்கிலாந்துக்காரர்கள், இரண்டு ஆட்டத்திலும் ஜெர்மனி. முதலாவதில் வெண்ணெய், அடுத்ததில் சுண்ணாம்பு. இப்படி நடக்கும்போதெல்லாம் டீக்கடையில் இரண்டே விளக்கம்தான் வரும்: ‘ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியல’, ‘வாங்கிட்டான்’. இரண்டும் நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2005-இல் ஜெர்மன் நடுவர் ராபர்ட் ஹோய்ட்சர் பந்தயக் கும்பலுக்காக ஆட்டங்களை வளைத்ததற்குச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் வாராவாரம் நாம் பார்க்கும் முரண்பாடுகளில் பெரும்பகுதி வேறு இடத்திலிருந்து வருகிறது. அதை விளங்கிக்கொள்ளத் திருப்பூர்க் கம்பெனியின் செக்கிங் டேபிளுக்குப் போவது உதவும்.

டேப்பும் ஷேடும்

ஏற்றுமதிக்குப் போகும் 5,000 பனியன் லாட்டுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என்றால், வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 (எவ்வளவு பழுதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற அளவு) அட்டவணைப்படி 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் 10 பீஸ் வரை பழுது என்றால் லாட் பாஸ், 11 என்றால் ஃபெயில். செஸ்ட் அளவு சரியா என்பதை டேப் வைத்துப் பார்த்துவிடலாம், அதில் தரம் பார்க்கும் க்யூ.சி. யார் என்பது முக்கியமில்லை. துணியின் நிறம், அதாவது ஷேடு விஷயம் அப்படியல்ல. ஒரே துணியை ஒருவர் பாஸ் செய்வார், அடுத்தவர் ரிஜெக்ட் செய்வார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்தது வெயிலில் வேறாகத் தெரியும். அதனால்தான் வெளிச்சத்தை நிலைப்படுத்த லைட் பாக்ஸும், ‘இவ்வளவு வெளுப்பு வரை ஓகே, இவ்வளவு கருப்பு வரை ஓகே’ என்று பையர் கையெழுத்துப் போட்ட ஷேடு பேண்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

கால்பந்திலும் தீர்ப்புகள் இப்படி இரண்டு வகைதான். பந்து கோல் கோட்டை முழுதாகத் தாண்டியதா, ஃபவுல் நடந்தது பாக்ஸுக்கு உள்ளேயா வெளியேயா, பந்தை விட்ட நொடியில் ஆட்டக்காரர் எந்த இடத்தில் நின்றார் என்பவை டேப் வகை. ஹேண்ட்பால், ஃபவுலின் கடுமை, ஆஃப்சைடில் (பந்தை விட்ட நொடியில் டிஃபெண்டர்களைத் தாண்டிக் கோல் பக்கம்) நின்றவர் கோல்கீப்பரை இடைஞ்சல் செய்தாரா என்பவை ஷேடு வகை. தொழில்நுட்பம் வந்து முதல் வகையை ஏறக்குறைய முடித்துவைத்துவிட்டது. சண்டை முழுவதும் இப்போது இரண்டாம் வகையில்தான்.

விதிப்புத்தகமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 17 விதிகள். அவற்றை மாற்றும் அதிகாரம் 1886-இல் தொடங்கிய ஐஃபாப் என்ற வாரியத்திடம் இருக்கிறது. மொத்தம் 8 ஓட்டு: ஃபிஃபாவுக்கு 4, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்கு ஆளுக்கு ஒன்று. 6 ஓட்டு இருந்தால்தான் மாற்றம். 12-ஆம் விதி ஃபவுலை மூன்று படியாகப் பிரிக்கிறது. கவனக்குறைவு என்றால் ஃப்ரீகிக் மட்டும். எதிராளிக்கு வரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் போனால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மீறிய பலத்தோடு எதிராளியின் உடம்புக்கே ஆபத்து வரும்படி போனால் சிவப்பு அட்டை. இந்த மூன்றுக்கும் இடையில் கோடு எங்கே என்று எந்த அளவுகோலும் புத்தகத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. ‘நடுவரின் கருத்தில்’ என்பதுதான் அளவுகோல்.

ஹேண்ட்பால் இன்னும் சிக்கல். வேண்டுமென்றே தொட்டால் தவறு, அதில் குழப்பமில்லை. இயல்புக்கு மாறாக உடலைப் பெரிதாக்கும்படி கையை வைத்திருக்கும்போது பட்டாலும் தவறு. அந்த இயல்பு என்ன என்பதற்கு, அந்தக் குறிப்பிட்ட சூழலில் அவர் செய்த அசைவால் கை அங்கே வந்திருந்தால் இயல்பு என்று விதி சொல்கிறது. தாவும் மனிதனின் கை எங்கே இருப்பது இயல்பு என்று பத்து நடுவர்களிடம் கேட்டால் பத்து விதமாகக் காட்டுவார்கள். இதை நேராக்க வாரியம் பலமுறை முயன்றது. 2019-இல் விதியைப் பெரிதாகத் திருத்தினார்கள். 2020-இல் தோளும் கையும் பிரியும் இடம் அக்குளின் அடிமட்டம் என்று கோடு போட்டார்கள். 2021-இல், கோல் போட்டவரின் கையிலேயே பட்டிருந்தால் மட்டும் தற்செயலானதும் தவறு, சக ஆட்டக்காரரின் கையில் தற்செயலாகப் பட்டிருந்தால் கோல் செல்லும் என்று தளர்த்தினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு நடுவர்கள் பழைய பழக்கத்தை விட்டுப் புதியதைப் பிடிக்க ஒரு சீசன் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளியிலும் முரண்பாடு பெருகும்.

இதற்கு மேல், ஒவ்வொரு அமைப்பும் தன் ஷேடு பேண்டைத் தனியாக வைத்திருக்கிறது. 2023 ஏப்ரலில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏவின் ஆலோசனைக் குழு, பந்து முதலில் தன் உடம்பில் பட்டுத் தெறித்துக் கையில் பட்டால் அதைத் தவறாகக் கொள்ள வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவம்பர் 28-இல் பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். நியூகாசிலின் லிவ்ரமென்டோவுக்கு உடம்பில் பட்டுத் தெறித்துக் கையில் பட்ட பந்துக்குக் கடைசி நேரத்தில் பெனால்டி கொடுக்கப்பட்டது. எம்பாப்பே போட்டு 1-1. மறுநாள் நடக்கவிருந்த வேறொரு ஆட்டத்தின் காணொளி அறைப் பொறுப்பிலிருந்து இந்த ஆட்டத்தின் காணொளி அதிகாரி நீக்கப்பட்டார். பரிந்துரை ஒரு பக்கம், பழக்கம் இன்னொரு பக்கம்.

குகுரெய்யா விஷயத்திலும் இதே கதை. கை உடம்பை ஒட்டித் தொங்கியபடி இருந்தால் விடலாம் என்பது டெய்லர் எடுத்த நிலை. கோலுக்குப் போகும் ஷாட்டைத் தடுக்கும் கையைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்க வேண்டும், அதனால் பெனால்டி கொடுத்திருக்க வேண்டும் என்று சில மாதம் கழித்து யுஇஎஃப்ஏவின் நடுவர் குழு கருத்துத் தெரிவித்ததாகச் செய்தி வந்தது. லாட் கப்பலேறிய பிறகு ஷேடு பேண்ட் வந்து என்ன பயன்?

காணொளி வந்தும் ஏன் தீரவில்லை?

பெரும்பாலானோர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். சரியான தீர்ப்பு வேறு, சீரான தீர்ப்பு வேறு. வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர் முறை பெரிய தவறுகளைப் பிடிப்பதற்காக வந்தது. சீரான தீர்ப்பு அதன் வேலைப் பட்டியலில் இல்லவே இல்லை.

2018-இல் விதிப்புத்தகத்தில் ஏறியபோது அதற்கு நான்கு வேலைதான் கொடுத்தார்கள்: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டையா, அட்டை தவறான ஆளுக்குப் போய்விட்டதா. அதிலும் களத்து நடுவரின் முடிவு ‘தெளிவான, வெளிப்படையான தவறு’ என்றாலோ, பெரிய சம்பவம் ஒன்றை அவர் பார்க்காமலே விட்டிருந்தாலோதான் தலையிடலாம். காணொளி அறையில் இருப்பவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ‘இது ஃபவுலா?’ என்பதில்லை. ‘ஃபவுல் இல்லை என்று அவர் சொன்னது யார் பார்த்தாலும் தவறு என்னும் அளவுக்குத் தவறா?’ என்பதுதான்.

ஒரு கணக்காக வைத்துப் பார்ப்போம் (விளக்கத்துக்கான கற்பனை எண்கள்). ஒரு டேக்கிளின் கடுமைக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று கொள்வோம். களத்து நடுவரின் கோடு 50. காணொளி அறை, 80-க்கு மேல் இருந்தும் கொடுக்காமல் விட்டதையும், 20-க்குக் கீழ் இருந்தும் கொடுத்ததையும் மட்டுமே திருத்தும். சனிக்கிழமை ஆட்டத்தில் 60 மதிப்பெண் டேக்கிளுக்கு ஒரு நடுவர் பெனால்டி கொடுக்கிறார். அறை தலையிடாது, பெனால்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அதே 60 டேக்கிளை இன்னொரு நடுவர் விட்டுவிடுகிறார். அதற்கும் அறை தலையிடாது. இரண்டு தீர்ப்பும் விதிமுறைப்படி ‘சரி’. இரவு ஹைலைட்ஸில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது நமக்குத் தலை சுற்றும். 20-க்கும் 80-க்கும் இடைப்பட்ட அந்த நிலப்பரப்பு முழுதும் முரண்பாட்டுக்கென்றே ஒதுக்கி வைத்த இடம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. டி.ஆர்.எஸ்-இல் ‘அம்பயர்ஸ் கால்’ வந்தால் அதே பந்துக்கு அவுட் கொடுத்திருந்தால் அவுட், கொடுக்காவிட்டால் நாட்அவுட். அங்கேயும் திட்டு உண்டு. ஆனால் அங்கே அந்தப் பரப்பு டேப்பில் அளந்தது: பந்தில் பாதிக்கு மேல் ஸ்டம்பில் பட வேண்டும் என்று திரையில் எல்லோருக்கும் தெரியும். கால்பந்தில் அந்த 20-உம் 80-உம் எங்கே என்பது காணொளி அறையில் அன்று உட்கார்ந்திருப்பவரின் மனதில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 80-ஐ 90 ஆக்கினால், அதாவது களத்து நடுவர் சொன்னதையே கூடியவரை விட்டுவிடுங்கள் என்றால், தடங்கல் குறையும், முரண்பாடு கூடும். 60-க்கு இறக்கினால் முரண்பாடு குறையும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் நிற்கும். இரண்டையும் ஒருசேரக் கேட்பவர்கள் எதை விட்டுக்கொடுப்பது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. 2024 ஜூனில் வுல்வ்ஸ் கிளப் வி.ஏ.ஆரையே எடுத்துவிடலாம் என்று பிரீமியர் லீக்கில் தீர்மானம் கொண்டுவந்தது; 19-1 என்று தோற்றது. திட்டுகிற கிளப்புகளே அதைக் கைவிடத் தயாராக இல்லை.

மானிட்டரிலும் ஒரு கண்ணி உண்டு. ஸ்லோ மோஷனில் பார்த்தால் எல்லாமே வேண்டுமென்றே செய்ததுபோலத் தெரியும். மிதித்த கால் கூடுதல் நேரம் மிதித்தபடி இருக்கும். மெதுவாக ஓட்டிக் காட்டினால் நடுவர்கள் கடுமையான அட்டையை நோக்கி நகர்கிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. அதனால் எங்கே பட்டது, எந்த இடத்தில் பட்டது என்பதற்கு ஸ்லோ மோஷன், எவ்வளவு வேகம், ஹேண்ட்பால் தவறா இல்லையா என்பதற்கு நிஜ வேகம் என்று வழிமுறையே பிரித்துச் சொல்கிறது. எந்தக் கோணத்தை முதலில் காட்டுகிறார்கள், எந்த ஃப்ரேமில் நிறுத்தி வைக்கிறார்கள் என்பது காணொளி அறையின் கையில்தான் இருக்கிறது. உறைந்த படத்தோடு வரவேற்கப்படும் நடுவர் பாதி முடிவு செய்துவிட்ட நிலையில்தான் மீதியைப் பார்க்கிறார்.

டேப்பும் சறுக்கும்

ஆஃப்சைடு டேப் வகை என்று சொன்னோம். வெறும் கண்ணால் பார்க்கும்போது அதுவும் எளிதில்லை. துணை நடுவர் கடைசிக்கு முந்தைய டிஃபெண்டருக்கு நேராக நிற்க வேண்டும். அவர் கோல் பக்கமாக 1 மீட்டர் தள்ளி நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஃபெண்டர் அவரிடமிருந்து 20 மீட்டர் தூரத்தில், அட்டாக்கர் அதற்கும் அப்பால், துணை நடுவரிடமிருந்து 40 மீட்டர் தூரத்தில். துணை நடுவரின் பார்வைக் கோடு டிஃபெண்டரைத் தாண்டிப் போகும்போது சாய்ந்து, 40 மீட்டரில் உண்மையான கோட்டுக்கு 1 மீட்டர் பின்னால் விழும். அரை மீட்டர் பின்னால் நியாயமாக நிற்கும் அட்டாக்கர் முன்னால் இருப்பதாகத் தெரிவார், கொடி உயரும். அதுவே அட்டாக்கர் இந்தப் பக்கம், 10 மீட்டர் தூரத்தில் இருந்தால் தவறு நேரெதிராகும்: அரை மீட்டர் வரை ஆஃப்சைடில் நிற்பவரும் தப்பிவிடுவார். கொடி தவறாகப் போவதில் பெரும்பங்கு இந்த வடிவக் கணக்குதான் என்று 2000-இல் டச்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘லைன்ஸ்மேன் அவங்க ஆளு’ என்று கத்துவதற்கு முன் அவர் எந்தக் கோட்டில் நின்றார் என்று பாருங்கள்.

கேமரா கோடு போட்டாலும் பிசிறு உண்டு. நொடிக்கு 50 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் 0.02 நொடி இடைவெளி. அட்டாக்கர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் முன்னால் ஓட, டிஃபெண்டர் 4 மீட்டர் வேகத்தில் எதிர்த் திசையில் ஏறினால், அந்த ஒரு ஃப்ரேமுக்குள் இருவருக்கும் இடையே 24 சென்டிமீட்டர் மாறிவிடும். கால் பந்தை விட்ட நொடி எந்த ஃப்ரேம் என்பதில் ஒன்று பிசகினால், கட்டைவிரல் அளவுக்கு ஆஃப்சைடு என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. அதனால்தான் பிரீமியர் லீக் 2021-22 முதல் கோடுகளைத் தடிமனாக்கி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ஆன்சைடு என்றது. 2022 கத்தார் உலகக்கோப்பையில் 12 கேமராக்கள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பின்தொடர்ந்தன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. பந்தை உதைத்த நொடி அதில் மிகத் துல்லியமாகக் கிடைக்கும்.

கருவியும் கைவிட்ட நாள் உண்டு. 2020 ஜூன் 17-இல் ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்குள் போனார். பந்து கோட்டைத் தாண்டினால் அதிர வேண்டிய நடுவரின் கைக்கடிகாரம் அதிரவில்லை. 7 கேமராக்களின் பார்வையையும் கோல்கீப்பரும் டிஃபெண்டரும் கம்பமும் மறைத்துவிட்டதாகக் கருவியை இயக்கும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குக் கோல் போச்சு. ஆட்டம் 0-0. சீசன் முடிவில் வில்லா 1 புள்ளி வித்தியாசத்தில் கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பியது.

படம் சரியாக இருந்து பேச்சு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 செப்டம்பர் 30. டாட்டனம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலுக்கு ஆஃப்சைடு கொடி. காணொளி அறை கோடு போட்டுப் பார்த்ததில் ஆன்சைடு. ஆனால் களத்தில் கோல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அவர்கள் தவறாக நினைத்திருந்ததால் ‘செக் முடிந்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். களத்து நடுவர் அதை ‘கொடி சரி’ என்று எடுத்துக்கொண்டார். சில நொடியில் ஆட்டம் தொடங்கிவிட்டது. தொடங்கிய பிறகு பின்னால் போக விதி இடம் தராது. டாட்டனம் 2-1. களத்து முடிவு என்ன, அறையின் முடிவு என்ன என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தவிர்ந்திருக்கும்.

கூட்டம், கடிகாரம், முந்தைய விசில்

ஒரு நடுவர் ஆட்டத்துக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். ஃபிஃபா உடல்தகுதித் தேர்வில் 40 மீட்டரை 6 நொடிக்குள் ஆறு முறை ஓட வேண்டும். பிறகு 75 மீட்டர் 15 நொடியில் ஓட்டம், 25 மீட்டர் 18 நொடியில் நடை என்று 40 முறை. இவ்வளவு தேறியவரும் கூட்டத்தின் காதுக்குத் தப்ப முடிவதில்லை.

2002-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை. 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் 90 நிமிடத்துக்குப் பிறகு சேர்க்கும் நேரத்தை நீட்டுவதும், முன்னிலையில் இருந்தால் சுருக்குவதும் ஸ்பெயின் லீக் கணக்குகளில் தெரிந்தது. கொரோனா காலத்தில் காலி மைதானங்களில் ஆடியபோது, வெளியூர் அணிகளுக்கு விழும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன. பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் ‘ஏய்ய்’ என்றால் அதையும் ஒரு தகவலாக மூளை எடுத்துக்கொள்கிறது. காசு வாங்கத் தேவையே இல்லை.

முந்தைய விசிலும் அடுத்த விசிலைப் பாதிக்கும். ஒரு அணிக்கு ஒரு பெனால்டி கொடுத்துவிட்டால் அதே அணிக்கு இரண்டாவது கொடுக்கக் கை கூசும். எதிரணிக்குக் கொடுக்க இலேசாகும். முதல் பத்து நிமிடத்தில் அட்டையைத் தூக்கவும் தயங்குவார்கள். இப்போதே எடுத்தால், மீதி 80 நிமிடத்துக்கும் அதே கோட்டைப் பிடிக்க வேண்டுமே என்ற கணக்கு. அதனால் 5-ஆவது நிமிடத்தில் வெறும் எச்சரிக்கையோடு போன அதே டேக்கிள் 65-இல் மஞ்சளாகிறது. நடுவர்கள் இதை ஆட்டத்தைக் கையாளும் திறமை என்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது முரண்பாடு. இரண்டுமே உண்மை.

தண்டனை பெரிதாக இருந்தால் விதியே தூங்கிப்போகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கோல்கீப்பர் பந்தைக் கையில் 6 நொடிக்கு மேல் வைத்திருந்தால் பாக்ஸுக்குள் மறைமுக ஃப்ரீகிக் என்று பல ஆண்டுகளாக விதி இருந்தது. பத்து, பன்னிரண்டு நொடி வைத்திருந்தாலும் யாரும் ஊதவில்லை, ஏனென்றால் அந்த ஃப்ரீகிக் கோலுக்குச் சமம். 2012 லண்டன் ஒலிம்பிக் மகளிர் அரையிறுதியில் திடீரென ஒரு நடுவர் கனடா கோல்கீப்பருக்கு எதிராக அதை ஊதினார். அதைத் தொடர்ந்து அமெரிக்காவுக்குப் பெனால்டி, சமன், கடைசியில் 4-3. விதிப்படி சரி, ஆனால் மிக அரிதாகவே விழும் அடி. 2025-இல்தான் வாரியம் வழிக்கு வந்தது: 8 நொடி, கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார், மீறினால் கார்னர். தண்டனை சிறிதானதும் விசில் தானாக வரத் தொடங்கியது.

இந்தப் பக்கம்

இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல். 2014-இல் தொடங்கியதிலிருந்து வி.ஏ.ஆர். இல்லாமலே நடந்து வந்திருக்கிறது. ஐ-லீக்கிலும் இருந்ததில்லை. கோவை நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. முதலில் பின்தங்கிய அணியைச் சமனுக்குக் கொண்டுவந்தது பெட்ரோ மான்சியின் பெனால்டி. அன்று பட்டியலில் சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஓடுபாதைக்கு அப்பால் கேலரியில் இருந்தவர்களுக்கும் சரி, டிவியில் பார்த்தவர்களுக்கும் சரி, ஒரு மனிதரின் ஒரு பார்வைதான் எல்லாம்.

வாளையாறு தாண்டியும் மறக்காத சம்பவம் 2023 மார்ச் 3. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம், பெங்களூருவுக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் பிளேஆஃப், 0-0, கூடுதல் நேரம். பிளாஸ்டர்ஸ் ஆட்களை வரிசையாக நிறுத்திச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கை அடித்து வலைக்குள் போட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியைக் களத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார். பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும்.

விதி என்ன சொல்கிறது? சாதாரண ஃப்ரீகிக்கைத் தொடங்க விசில் தேவையில்லை; அடிக்கிற அணி விரும்பினால் உடனே அடிக்கலாம். சுவரை 9.15 மீட்டர் பின்னால் தள்ள நடுவர் இறங்கிவிட்டாலோ, அட்டை காட்டினாலோ, காயத்துக்கோ ஆள் மாற்றத்துக்கோ நிறுத்தினாலோ, விசில் ஊதிய பிறகுதான் அடிக்க வேண்டும். ஆகவே அன்றைய கேள்வி ஒன்றே ஒன்று: ‘இனி என் விசிலுக்குக் காத்திரு’ என்று நடுவர் சைகை காட்டினாரா? வி.ஏ.ஆர். இருந்திருந்தாலும் இது அதன் நான்கு வேலைக்குள் சுலபமாக அடங்கியிருக்காது. ஒரு விரலால் விசிலைத் தொட்டுக் காட்டும் சைகை இதற்கென்றே இருக்கிறது. அதைத் தெளிவாகக் காட்டாத ஒவ்வொரு ஃப்ரீகிக்கும் இப்படிப்பட்ட சண்டைக்கு வித்து.

முழு வி.ஏ.ஆருக்குத் தனி அறை, பயிற்சி பெற்ற நடுவர்கள், ரீப்ளே இயக்குபவர், ஃபிஃபா அனுமதி எல்லாம் வேண்டும். அதனால் ஃபிஃபா மலிவான இன்னொரு வழியை 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக்கோப்பையில் சோதித்தது. அதில் காணொளி நடுவரே இல்லை. பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி, நான்காவது நடுவரிடம் ஒரு அட்டையைக் கொடுத்து மறுபார்வை கேட்பார். ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு; கேட்டது சரியானால் வாய்ப்பு குறையாது. களத்து நடுவர் தானே மானிட்டரில் பார்த்து முடிவு செய்வார். இந்திய லீக்குகளுக்குப் பொருந்துவது இதுதான் என்பது நம் கணிப்பு. காரணம் செலவு மட்டுமில்லை: இரண்டாவது ஆள் தன் கோட்டை வைத்துத் தலையிடும் இடம் அதில் இல்லை. முதல் பார்வைக்கும் இரண்டாம் பார்வைக்கும் ஒரே ஷேடு பேண்ட்.

கேமரா இல்லாத மைதானத்தில்

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் லீக்கோ நாக்அவுட்டோ நடத்துபவர்கள் ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவழிக்காமல் சில வேலைகள் செய்யலாம். நடுவர்கள் எல்லோரையும் முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பத்துக் காட்சிகளைக் கைப்பேசியில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘ஃபவுல் இல்லை, ஃபவுல், மஞ்சள், சிவப்பு’ என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பேசிவிட்டு எழுதினால் மூத்தவர் சொன்னதையே எல்லோரும் எழுதுவார்கள். விடைகள் பிரியும் காட்சிகள்தான் உங்கள் தொடரின் சண்டைகள். அவற்றுக்கு மட்டும் ஒரு பொது முடிவு எடுத்து, அதே காட்சிகளைக் கேப்டன்களுக்கும் காட்டிவிடுங்கள். ஹேண்ட்பாலைக் கட்டாயம் சேருங்கள். கெட்டியான செம்மண் தரையில் பந்து எம்பிக் கையில் படுவது புல் மைதானத்தைவிட அதிகம். டர்ஃபில் ஐவர் ஆட்டம் ஆடிப் பழகிய பையன்களுக்கு ஆஃப்சைடு பழக்கமே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

துணை நடுவராக ஏதாவது ஒரு கிளப்பின் ஆளை நிறுத்த வேண்டி வந்தால், பந்து வெளியே போனதை மட்டும் அவர் காட்டட்டும். ஆஃப்சைடும் பெனால்டியும் அவர் பொறுப்பில் வேண்டாம். நடுவர் மூலைக்கு மூலை சாய்வாக ஓட வேண்டும், அப்போதுதான் பந்து அவருக்கும் துணை நடுவருக்கும் நடுவில் இருக்கும். மோதலை 10, 15 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டுக் கோணத்தில் பார்ப்பது நல்லது. இரண்டு ஆட்டக்காரர்களும் ஒரே கோட்டில் மறைந்தால் 5 மீட்டரில் நின்றாலும் ஒன்றும் தெரியாது.

கடைசியாக ஒரு தாள். கேலரியில் உட்கார்ந்த ஒரு மூத்த நடுவர் ஒவ்வொரு பெரிய தீர்ப்புக்கும் ஒரு வரி எழுதட்டும்: நிமிடம், களத்தில் எந்த இடம், நடுவர் எத்தனை மீட்டர் தள்ளி நின்றார், பார்வை மறைந்ததா, கொடுத்தது என்ன, தான் கொடுத்திருக்கக்கூடியது என்ன. இடைவேளையில் நடுவரிடம் காட்டக் கூடாது. காட்டினால் இரண்டாம் பாதியில் ஈடுகட்டப் போய்விடுவார். ஆட்டம் முடிந்து, ஷூவைக் கழற்றிய பிறகு கொடுங்கள்.